சீர்த்தட்டில் ஒரு பழைய கடிகாரம்

நான் விற்கிற கடிகாரங்களில் பெரும்பாலானவை இறந்துபோனவர்கள் கட்டியவை. வாங்குகிறவர்களிடம் இதை நானாகச் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய கைக்கடிகாரம் என்னிடம் வந்து சேர்கிறது என்றால், அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு யோகா வகுப்புக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தமில்லை. யாரோ பீரோவைக் காலி செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதில் அக்கறை இல்லை. பழைய சாமான்காரர் மூட்டையில் ஏறி அது பல்லாவரம் சந்தைக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை காலையில் நான் போய் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எங்கள் வீடு. பின்னறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ், மெல்லிய இடுக்கிகள், சின்னச் சின்ன எண்ணெய்க் குப்பிகள். இந்தத் தொழிலுக்கு முன்னால் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். பிறகு எங்களில் பலரை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். விருப்பம் கம்பெனியுடையது. வீட்டுக்கு வந்தும் எனக்குப் பழக்கம் விடவில்லை, குறை கண்டுபிடிக்க வீட்டில் ஆள் போதவில்லை, அதனால் கடிகாரங்களைப் பிரிக்க ஆரம்பித்தேன் என்பது என் மனைவியின் கணிப்பு. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் தொடுவது ஆட்டோமேட்டிக் கடிகாரங்களை மட்டும். இவற்றுக்கு பேட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு இருக்கும். கை அசைய அசைய அது சுற்றும். அது சுற்றச் சுற்ற ஒரு ஸ்பிரிங் இறுகும். அந்த இறுக்கத்தில் கடிகாரம் ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாள் போல ஓடிவிட்டு நின்றுவிடும். மறுபடி கட்டினால் மறுபடி ஓடும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. இதை என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். புரிந்துகொண்டவர்கள் குறைவு.

டயல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் பழைய டயலைச் சுரண்டிவிட்டு, பஞ்சுமிட்டாய் நிறத்தில் புதுப் பெயின்ட் அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். உள்ளே கழுவுவேன், எண்ணெய் வைப்பேன், தேய்ந்த பாகத்தை மாற்றுவேன், கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றுவேன். டயல் எப்படி வயதானதோ அப்படியே இருக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள். தெரியாதவர்கள் "அழுக்கா இருக்கே சார்" என்பார்கள். அவர்களுக்கு நான் விற்பதில்லை. என் வியாபாரம் வளராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படி இருக்கும்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்த பையனை விரும்பினாள். பையனுக்கு ஊரப்பாக்கம். அந்த ஊரின் பழைய குடும்பம். அவர்கள் நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. கீழே கடைகள், மாதம் பிறந்தால் வாடகை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடுகளை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். அந்த மாடுகளும் அந்த வீடும் பையனுடைய அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. பையனுடைய அப்பாவும்தான்.

ஜாதகம் பொருந்தியது என்று சொன்னார்கள். பொருந்தாவிட்டாலும் பொருந்தும்படி மகள் ஏற்பாடு செய்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஒரே பையன். அவனுக்கு முன்னால் பிறந்த குழந்தை தங்கவில்லை. அதனால் நல்ல நேரம், கெட்ட நேரம், சகுனம் எல்லாம் அந்த வீட்டில் ஒரு பிடி கூடுதல்.

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரம், கைக்கடிகாரம் போடுவது எங்கள் இரண்டு பக்கத்திலும் வழக்கம். கடிகாரத்தைத் தட்டில் வைப்பது நிச்சயதார்த்தத்தில். கையில் கட்டுவது கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பில். இடையில் மாப்பிள்ளை அதை எடுத்துப் பார்க்கலாம், கட்டக் கூடாது. பீரோவில் இருக்க வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஆட்டோமேட்டிக் கடிகாரத்தை மனதில் வைத்து ஏற்படுத்தவில்லை.

"தாம்பரத்துல ஷோரூமுக்குப் போய் புதுசா ஒண்ணு வாங்கிடலாம். பில்லு, பாக்ஸ், வாரன்ட்டி எல்லாம் இருக்கும்" என்றாள் மனைவி.

"கடிகாரக்காரன் வீட்டுக் கல்யாணத்துல கடையில வாங்கின பேட்டரி வாட்சா?"

"நீங்க கடிகாரக்காரர்ங்கறது அவங்களுக்கு முக்கியமில்ல. புதுசா போடறாங்களான்னுதான் பாப்பாங்க."

"அவங்களுக்குத் தெரியலைன்னா நான் சொல்லித் தரேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் மனதில் வைத்திருந்தது ஒரு ஜப்பான் கடிகாரம். கிழமையும் தேதியும் காட்டும். அந்தக் காலத்து ஜப்பான்காரர்கள் சிலவற்றில் சாவி கொடுக்கிற வசதியே வைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் திருகு முள்ளை நகர்த்த மட்டும்தான். கை ஆடினால் ஓடும், இல்லையென்றால் இல்லை. துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவில் அதைக் கண்டெடுத்தேன். உள்ளே ஒரே பசையாக இருந்தது. டயலில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. வெள்ளை நிறம் மெல்லப் பழுத்து, காய்ச்சின பாலின் மேல் ஆடை நிறத்துக்கு வந்திருந்தது. பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. மகளுக்காகத்தான் வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் என்று வந்ததும், என்னிடம் இருப்பதிலேயே நல்லது இதுதான், இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. மனைவி சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். அது அவளுடைய சமாதானம்.

பெருங்களத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுகிற வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பையனின் தாய்மாமன் பெட்டியைத் திறந்து கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"இன்னா சார், புது மாடலா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். மனைவி என்னைப் பார்த்தாள். ஆட்டுங்கள் என்கிற பார்வை. ஆனால் கடிகாரத்தைப் பற்றி ஒருவர் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க எனக்கு வராது.

"புதுசா? இதுக்கு ஐம்பது வயசுக்கு மேல ஆகுது சார். இந்த மாதிரி டயல் இப்ப தேடினாலும் கிடைக்காது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தாய்மாமன் சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல் கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்தார். பையனின் அம்மா முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"மஞ்சளா கீதே சார். அழுக்கா?"

"அழுக்கு இல்லம்மா. வயசானா அப்படித்தான் ஆகும். அதுதான் அதுக்கு அழகு."

"யாரு கட்டுனது இது?"

"தெரியலம்மா."

"அப்ப எங்க வாங்கினீங்க?"

"பல்லாவரம் சந்தையில."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கட்டுனவரு இருக்காரா?" என்று கேட்டார் அந்த அம்மா.

நான் நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "இருக்க வாய்ப்பு கம்மிதாம்மா" என்றேன்.

யாரும் சண்டை போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டார்கள், சாப்பிட்டார்கள், வத்தக்குழம்பு நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னார்கள். காரில் வீட்டுக்கு வரும்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "ஒரே ஒரு வாட்ச்சுப்பா. அதைக்கூட சும்மா வாங்கிக் குடுக்க முடியலையா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உலகத்திலேயே நல்ல பொருளைக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குகிறோமே என்ற கோபம். அதற்கு அடியில் பயமும் இருந்தது. அவள் போய் வாழப்போகிற வீட்டு வாசலில் நானே ஒரு முள்ளைப் போட்டுவிட்டேன். வேறு புதுக் கடிகாரம் கொடுத்து மாற்றிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். கொடுத்த சீரைத் திருப்பி வாங்குவது அதைவிடப் பெரிய அபசகுனம் என்றாள் மனைவி.

சில வாரம் கழித்து மகள் ஆபீசிலிருந்து போன் செய்தாள். குரல் சரியில்லை.

"அப்பா, வாட்ச் நின்னுடுச்சாம்."

"பீரோவுல வெச்சா நிக்கத்தான் செய்யும்."

"வெள்ளிக்கிழமைன்னு காட்டுதாம். பதினொண்ணுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னிருக்கு. ராகு காலம்பா."

காலை ஏழரை முதல் மாலை ஆறு மணி வரை ஏழு கிழமைகளுக்கும் ராகு காலத்தைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். கடிகாரம் பகலில் எப்போது நின்றாலும் ஏதோ ஒரு கிழமையின் ராகு காலத்தில்தான் நிற்கும். பாழாய்ப்போன இந்தக் கடிகாரம் கிழமையையும் சேர்த்துக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது.

"ராத்திரி பதினொண்ணாகூட இருக்கலாமே" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ். கல்யாணத்தைத் தள்ளி வெக்கணுமான்னு ஜோசியர்கிட்ட கேக்கப் போறாங்களாம்" என்றாள். பிறகு அழுதாள். ஆபீசில் அழுகிறாள் என்பது என்னை ரொம்பவே ஆட்டிவிட்டது. சின்ன வயதிலும் அவள் நாலு பேர் முன்னால் அழ மாட்டாள்.

அன்றைக்கே ஊரப்பாக்கம் கிளம்பினேன். "விளக்கம் குடுக்காதீங்க. மன்னிப்பு மட்டும் கேளுங்க" என்று மனைவி வாசல் வரை வந்து சொன்னாள். லோக்கல் ரயிலில் மன்னிப்பை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நன்றாகத்தான் வந்தது.

சம்மந்தியம்மா பெட்டியை என் கையில் கொடுக்கவில்லை. முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவருடைய கணவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். மன்னிப்பு மறந்துபோனது.

"நிக்கலம்மா, தூங்குது. கையில கட்டினா எழுந்துக்கும்."

"கல்யாண வாட்ச்சு இன்னாத்துக்கு சார் தூங்குது?"

கடிகாரத்தை எடுத்து லேசாக ஆட்டினேன். விநாடி முள் கிளம்பியது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அப்ப ஆட்டினா ஓடுது. பீரோல வெச்சா நிக்குது."

"ஆமாம்மா."

"கல்யாணம் வரைக்கும் என் புள்ள கட்டக் கூடாது."

"ஆமாம்மா."

"இனிமே நிக்கவும் கூடாது. அப்ப இன்னா பண்றது?"

இத்தனை வருடத் தொழிலில் இதை நான் யோசித்ததே இல்லை. "வேற யாராவது கட்டிக்கிட்டா போதும்மா. யாரா இருந்தாலும் சரி, கை ஆடணும்" என்றேன்.

இரண்டு பேரும் நாற்காலியைப் பார்த்தோம்.

"இவரா? இவரு கை சாப்புடறப்பதான் ஆடும். அதுவும் சோத்துக் கை" என்றார் சம்மந்தியம்மா. சம்மந்தி பேப்பரைத் திருப்பினார். அதையும் வலது கையால்தான் திருப்பினார்.

அந்த அம்மா முக்காலிக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டு இடது கையை நீட்டினார்.

"எனக்குக் கட்டுங்க."

"உங்களுக்கா?"

"யார்னே தெரியாத ஆளு கட்டினது. அதுல எதுனா இருந்தா மொதல்ல என் மேல வரட்டும். எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா என் புள்ளைக்கும் ஆவாது."

சாதாரணமாகத்தான் சொன்னார், பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் வேலைக் காலம் முழுக்கப் பொருள்களைச் சோதித்தவன். அழுத்திப் பார்ப்போம், வளைத்துப் பார்ப்போம், உடைத்துப் பார்ப்போம். தன் உடம்பில் வைத்துச் சோதிப்பதாக ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடநம்பிக்கை என்று மனதில் வைத்திருந்த வார்த்தை எங்கே போனது என்று தெரியவில்லை.

ஸ்ட்ராப்பின் கடைசி ஓட்டையும் அவர் கைக்குப் பெரிதாக இருந்தது. சம்மந்தியிடம் ஆணியும் சுத்தியலும் வாங்கிப் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன்.

"தண்ணி படாம பாத்துக்கோங்கம்மா."

"பாலு படலாமா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "மாடு கறக்கறப்ப கழட்ட முடியாது. அப்பதான் கையி நல்லா ஆடும்" என்றார். பின்மூடிக்குப் புது வாஷர் போட்டிருக்கிறேன், துடைத்துக்கொண்டால் போதும் என்றேன். சாணி பட்டால் என்று கேட்டார். சாணியைத் தவிர்க்கலாம் என்றேன்.

கிளம்பும்போது, "போய்ட்டு வாங்கண்ணா" என்றார். அதுவரை சார்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். மன்னிப்பு கேட்டீர்களா என்று மனைவி கேட்டாள். மறந்துவிட்டது என்றேன்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கிற பேச்சு அதோடு நின்றது. அடுத்த மாதங்களில் அந்தக் கடிகாரம் என்னிடம் ஓடியதைவிட அங்கே நன்றாக ஓடியது. சம்மந்தியம்மா நேராக எனக்கே போன் செய்ய ஆரம்பித்தார். காலையில் கொஞ்சம் வேகமாகப் போகிறது அண்ணா, சரியா? சரிதாம்மா. தலைகீழாக மாட்டிக்கொண்டேன் அண்ணா, கெட்டுப்போகுமா? போகாதும்மா. இடையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம், ஊர் முழுக்கக் காய்ச்சல். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் அவர் மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள். கழற்றிவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னதாக மகள் சொன்னாள், அவர் கழற்றவில்லையாம். என் மனைவிக்குக் கோயில் பழக்கம் அவ்வளவு கிடையாது. அந்த வாரம் போனாள். நானும் கூடப் போனேன். என் உடம்புக்காகக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. பிறகு ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"காய்ச்சல் வுட்டுருச்சிண்ணா. வெறும் மழைக் காய்ச்சல்தான். வாட்ச்சு இல்ல."

மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அதைக் கழற்றினார். காதில் வைத்துக் கேட்டார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். அவருடைய மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. நான் மாப்பிள்ளை கையில் கட்டினேன். யார் கட்டினது என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் கையில், எத்தனை அடி நடந்தான் என்று எண்ணிச் சொல்கிற கறுப்புக் கட்டம் ஒன்று இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறேனா என்று மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை நல்ல பையன், அவனே சொன்னான். "அம்மா கேட்டாங்க மாமா. கை வெறுமையா இருக்காம். குடுத்துட்டேன்."

இந்த வருடம் சம்மந்தியம்மாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. எடுத்து லேபுக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் எந்த வகை என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மாப்பிள்ளை ரத்தத்துக்கும் மருந்துக்கும் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சம்மந்தி ஒரு நாற்காலியில் மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிக்கவில்லை. மகள் சுவரோரம் நின்று இடது கையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுகிற ஒவ்வொரு முறையும் கடிகாரம் முழங்கை வரை போய் வந்தது.

"கை வலியா?" என்றேன்.

"உள்ள போறப்ப எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க. அத்தை இதை மட்டும் நர்ஸ்கிட்ட தரலை, என்கிட்ட குடுத்தாங்க. உக்காந்துகினே இருந்தா நின்னுடும்பா."

உட்கார்ந்துகொண்டே என்பதை அந்த வீட்டுப் பேச்சில் சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி, "ஆம்பள வாட்ச் மாதிரி இருக்கே, யாரோடதும்மா?" என்று கேட்டார்.

"எங்க அத்தையோடது. உள்ள இருக்காங்க. வந்ததும் கேப்பாங்க" என்றாள் மகள்.

அந்தக் கடிகாரம் அன்று காலை வரை தினமும் மாடு கறக்கிற கையில் இருந்தது. ஸ்பிரிங் முழுக்க இறுகியிருக்கும். கழற்றி ஜன்னலில் வைத்திருந்தாலும் மறுநாள் வரை ஓடும். யாரும் எதையும் ஆட்ட வேண்டியதில்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும். விளக்கம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், இத்தனை வருடம் என் விளக்கங்களைக் கேட்டவள்.

"குடு, கொஞ்ச நேரம் நான் கட்டிக்கறேன்" என்றேன்.

"நீங்க உக்காந்துடுவீங்கப்பா."

"உக்கார மாட்டேன்."

கட்டிக்கொண்டு அந்த வராந்தாவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கையை வீசி நடந்தேன். ஆபரேஷன் முடிவதாக இல்லை. சொன்ன நேரம் தாண்டிவிட்டது. டாக்டர் வெளியே வரவில்லை. நர்ஸ் ஒருத்தி வந்து ஏதோ எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள், யார் முகத்தையும் பார்க்காமல். கட்டி சாதாரணமானதுதான் என்று பல நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது எதுவும் தெரியாது. நான் திரும்பி நடந்து வரும்போது சம்மந்தி எழுந்து நின்றிருந்தார். பேப்பர் நாற்காலியில் கிடந்தது.

"எனக்குக் கட்டுங்க" என்றார்.

இடது கையை நீட்டினார். கட்டினேன். அவர் இடது கையை வீசி நடக்கத் தொடங்கினார். பழக்கமில்லாததால் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போனது. அந்த மனிதர் அவ்வளவு நேரம் நடந்து நான் பார்த்ததில்லை. யார் கேட்டும் உட்காரவில்லை, கடிகாரத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவு திறந்து சம்மந்தியம்மாவைத் தள்ளிக்கொண்டு வரும் வரை நடந்தார். அந்த அம்மாவின் கண் பாதிதான் திறந்திருந்தது. எங்களையெல்லாம் தாண்டி அது எதையோ தேடியது. சம்மந்தி தள்ளுவண்டியோடு கூடவே நடந்துகொண்டு, மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஓடுதா?" என்றார் சம்மந்தியம்மா.

"ஓடுது" என்றார் அவர்.